ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பிக் கொடுங்கள்

எங்கள் வட்டார வேலைவாய்ப்புச் சந்தையின் ஏற்பாட்டுக் குழுவினருக்கும், அதில் முகப்பிடம் அமைத்த நிறுவனங்களின் மனிதவளப் பொறுப்பாளர்களுக்கும்,

கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் இரண்டு நாள் சந்தை நடத்துவதாக அறிவித்தீர்கள். சனிக்கிழமை ஆப்பரேட்டர், ஓட்டுநர், பாதுகாவலர் வேலைகளுக்கு. ஞாயிற்றுக்கிழமை டிப்ளோமா, பட்டம் பெற்றவர்களுக்கும் அலுவலக அனுபவம் உள்ளவர்களுக்கும். சந்தைக்கு மூன்று நாள் இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமையை ரத்து செய்தீர்கள். “போதிய வரவேற்பு இல்லாத காரணத்தால்” என்று ஒரே ஒரு வரியில் காரணம் சொன்னீர்கள். குழுவில் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டேன். “இது தோட்டப்புறம். அந்த மாதிரி ஆட்கள் பினாங்குக்கோ கோலாலம்பூருக்கோ போய்விட்டிருப்பார்கள்” என்றார். அவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அந்தப் பதிலை என்னால் விழுங்க முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அந்த மாதிரி ஆட்களில் நான் ஒருத்தி. எனக்கு வயது 44. இந்த ஊரில்தான் பிறந்தேன், இந்த ஊரில்தான் இருக்கிறேன். உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்குப் பெயர் பதிய நான் முயன்றேன், முடியவில்லை. உங்கள் இணையப் படிவத்தில் வயது என்ற கட்டத்தில் 18 முதல் 25, 26 முதல் 35 என்று இரண்டே தெரிவுகள் இருந்தன. எதிர்பார்க்கும் சம்பளம் 3,500 வெள்ளியோடு (ரிங்கிட்) நின்றுவிட்டது. இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. படிவத்தில் இருந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன், பதில் வரவில்லை. என் பள்ளித்தோழி ஒருத்தி 26 முதல் 35 என்று பொய்யாகப் பதியலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் 21 ஆண்டுகள் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்தவள். எங்களைப் போன்றவர்கள் உள்ளே வரும் கதவை நீங்களே அடைத்து வைத்துவிட்டு, வரவேற்பு இல்லை என்று எழுதினீர்கள். இதை நீங்கள் வேண்டுமென்றே செய்ததாக நான் நினைக்கவில்லை. எங்களை நினைத்துப் பார்க்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். அது இன்னும் வலிக்கிறது.

சனிக்கிழமை மண்டபத்துக்குப் போனேன். கையில் கோப்பு, உள்ளே சான்றிதழ்கள், தன்விவரம் மூன்று பிரதி. ஒரு மின்னியல் தொழிற்சாலையின் முகப்பிடத்தில் வரிசையில் நின்றேன். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர் நிமிர்ந்து பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள், “அக்கா, கேண்டீன் வேலைக்கா, துப்புரவு வேலைக்கா?” என்று கேட்டார். அவர் கை இரண்டு வகைப் படிவங்களையும் எடுத்து வைத்துவிட்டது. அந்த வேலைகளை நான் தாழ்வாகச் சொல்லவில்லை. என் அம்மா காலை நான்கு மணிக்கு எழுந்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர்ப் பால் எடுத்தவர். பிறகு ஆயா கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். பிறகு பள்ளிக் கேண்டீனில் பாத்திரம் கழுவினார். அந்தக் கை சம்பாதித்த காசில்தான் நான் படித்தேன். அந்தத் தம்பி மேலும் எனக்குக் கோபமில்லை. இந்த ஊரில் நாற்பது வயதுத் தமிழ்ப்பெண் வந்தால் எந்தப் படிவத்தை எடுக்க வேண்டும் என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சொல்லிக்கொடுத்தவர்களோடுதான் நான் பேசுகிறேன்.

நான் பார்த்த வேலையைச் சொல்கிறேன். பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம், ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளைகளுக்குக் கணக்கு பார்க்கும் அலுவலகத்தில் 17 ஆண்டுகள் இருந்தேன். எங்கள் கட்டடத்தில் ஒரு பொருளும் தயாராகாது. அந்தக் கிளைகளுக்குச் சரக்கு கொடுத்தவர்களின் இன்வாய்ஸ்களைச் சரிபார்த்துப் பணம் அனுப்புவதுதான் எங்கள் வேலை. கொள்முதல் ஆணை, சரக்கு வந்ததற்கான ரசீது, இன்வாய்ஸ் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால் பணம் போகும். ஒத்துப்போகாவிட்டால் எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஜெர்மானியர்கள் ஆயிரத்துக்குப் புள்ளியும் காசுக்குக் காற்புள்ளியும் போடுவார்கள். 1.250,00 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. அதை ஒன்றேகால் என்று படித்துவிட்டால் ஒரு சிறு பட்டறைக்காரருக்குப் போக வேண்டிய பணம் போகாது. எனக்குக் கீழே ஒன்பது பேர் இருந்தார்கள். புதிதாக வந்த ஒவ்வொருவருக்கும் முதல் நாள் நான் காட்டியது இந்தப் புள்ளியையும் காற்புள்ளியையும்தான்.

வேலைக்குப் போன புதிதில், என்ன வேலை என்று பாட்டி கேட்டார். விளக்கினேன். “அப்படியானால் கிராணி வேலை” என்றார். கிராணி என்றால் தோட்ட அலுவலகக் கணக்கர். தோட்டத்தில் கிராணி என்றால் என்ன மதிப்பு என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செக்ரோலில், அதாவது வருகையும் சம்பளமும் குறிக்கும் ஏட்டில், பெயர் எழுதுகிறவர் அவர்தான். பாட்டி சாகும்வரை பார்ப்பவர்களிடம் எல்லாம் தன் பேத்தி கிராணி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சென்ற ஆண்டு ஒரு மென்பொருளை வாங்கினார்கள். நாங்கள் செய்யும் வேலையை ஒவ்வொரு படியாக எழுதித் தரச் சொன்னார்கள். ஓர் இன்வாய்ஸ் வந்ததிலிருந்து பணம் போகும்வரை 63 படிகள் எழுதினேன். திரையில் என் சுட்டி எங்கே போகிறது என்பதையும் பதிவு செய்தார்கள். நான்கு மாதம் கழித்து ஒரு காணொளி அழைப்பு வந்தது. பேசியவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. 11 நிமிடத்தில் முடிந்தது. வேலையில் பாதி மென்பொருளுக்கு, மீதி வேறொரு நாட்டுக்கு. கையெழுத்திட வேண்டிய தாள்களில் ஒன்று, இழப்பீட்டைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது என்றது. என் பிரிவில் அன்று எத்தனை பேருக்கு அந்த அழைப்பு வந்தது என்பது எனக்கு ஒரு வாரம் வரை தெரியாது. வேலையை மாற்றக்கூடாது, மென்பொருள் வாங்கக்கூடாது என்று நான் வாதாட வரவில்லை. காலம் மாறும், அது எனக்குத் தெரியும். எங்களைத் தனித்தனியாகப் பிரித்து, வாயைக் கட்டி அனுப்பிய விதத்தைத்தான் சொல்கிறேன்.

என் அப்பாவின் தோட்டம் 1990-களின் நடுவில் வீடமைப்புக்காக விற்கப்பட்டது. எங்கள் லயன் வீடுகள் வரிசையாக இருந்த இடத்தில் இப்போது தாமான் எனும் குடியிருப்பு இருக்கிறது. அது நல்லபடியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். வீடு கிடைக்கப் பல ஆண்டுகள் இழுத்தடித்தார்கள். ஆனால் ஒன்று நினைவிருக்கிறது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு, தோட்டத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்தவர் உட்கார்ந்தார். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எத்தனை வருடம், எத்தனை நாள் சம்பளம் என்று எல்லாருக்கும் கேட்கும்படி கணக்குப் போட்டார். அப்பாவின் முறை வந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் தனக்கு என்ன வர வேண்டும் என்று அன்று மாலைக்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன வர வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. பட்டம் வாங்கிய எனக்கு அது தெரியவில்லை.

தெரியாததற்குக் காரணமும் உண்டு. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-இல் உருவானது. பால்மரம் வெட்டியவருக்காகப் பேச ஆள் இருந்தது, எங்களுக்கு இல்லை. 1967-ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டப்படி, சாதாரணத் தொழிலாளர்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட சங்கம் நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்காகப் பேச முடியாது. பெயருக்குப் பின்னால் ‘எக்சிகியூட்டிவ்’ என்று ஒட்டிய நாளில் எனக்குச் சம்பளம் 300 வெள்ளி கூடியது. அதோடு எதை இழந்தேன் என்று அன்று யாரும் சொல்லவில்லை. 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டம் எல்லாத் தொழிலாளர்களுக்கும் பொருந்தும் என்று பத்திரிகைகளில் படித்து மகிழ்ந்தோம். ஆனால் மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குகிறவருக்கு ஆட்குறைப்பு இழப்பீட்டுப் பகுதி பொருந்தாது. ஐந்து ஆண்டுக்கு மேல் உழைத்த ஒருவருக்கு, அவர் 4,000-க்குள் வாங்கினால், ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்பது சட்டம். அதைத் தாண்டினால் ஒப்பந்தத்தில் எழுதியதுதான். எழுதியிருக்காவிட்டால் நிறுவனத்தின் மனசு.

இப்போது எட்டாவது மாதம். சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டம், எஸ்.ஐ.பி. என்று சொல்வோமே, அது என்னைத் தாங்கியது. முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்து 50, பிறகு இரண்டு மாதம் 40, கடைசி இரண்டு மாதம் 30. சம்பளத்தில் 6,000 வெள்ளி வரைதான் கணக்கில் எடுத்தார்கள். ஆறு மாதத்தில் அது முடிந்துவிட்டது. 80-க்கு மேல் விண்ணப்பங்கள் அனுப்பியிருக்கிறேன். பத்துக்கும் குறைவான இடங்களிலிருந்துதான் பதில் வந்தது. வந்த வாய்ப்புகளில் பெரும்பாலானவை ஓராண்டு ஒப்பந்தம், பழைய சம்பளத்தில் பாதி. நேர்முகத் தேர்விலும் மனிதர்கள் குறைந்துவிட்டார்கள். திரையில் ஒரு கேள்வி எழுத்தில் தோன்றும். 90 வினாடிக்குள் கேமராவைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள். உங்கள் பலவீனம் என்ன என்று ஒரு முறை கேள்வி வந்தது. நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது அம்மா கதவைத் திறந்து, திரையை எட்டிப் பார்த்து, “யாரிடம் பேசுகிறாய் பாப்பா?” என்று கேட்டார். யாரிடமும் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த நிறுவனத்திலிருந்து இன்றுவரை பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமையை நீங்கள் ரத்து செய்த பிறகு நான் ஒரு நோட்டுப்புத்தகத்தை எடுத்தேன். பாடாங் செராய், லூனாஸ், கூலிம் சுற்றுவட்டத்தில் எனக்கும் என் தோழிக்கும் தெரிந்தவர்களில், அலுவலக வேலையை இழந்தவர்கள், இழக்கப்போவதாகக் கடிதம் வந்தவர்கள், ஒப்பந்தத்தில் தொங்கிக்கொண்டிருப்பவர்கள் என்று எழுதத் தொடங்கினோம். இரண்டு வாரத்தில் 37 பேர். பொறியியலாளர்கள், கணக்காளர்கள், தரக்கட்டுப்பாட்டு அதிகாரிகள், வங்கியில் கடன் பிரிவில் இருந்தவர்கள், ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிலேயே இருந்த ஒருவர். பெரும்பாலோர் தோட்டத்தில் பிறந்தவர்கள், தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். இது இரண்டு பெண்கள் ஓய்வு நேரத்தில் எழுதிய பட்டியல். முறையாக எண்ணினால் எத்தனை வரும் என்று நீங்களே பாருங்கள்.

அவர்களில் ஒரு தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வங்கியில் 14 ஆண்டுகள் இருந்தவர். வேலை போனதை மனைவியிடம்கூட உடனே சொல்லவில்லை. தினமும் காலை ஆறரைக்குச் சட்டையை மடிப்புக் குலையாமல் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். பட்டர்வொர்த் பக்கம் ஒரு நூலகத்தில் மாலைவரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார். மூன்றாவது மாதம்தான் என்னிடம் வாய் திறந்தார். எஸ்.ஐ.பி.க்கு விண்ணப்பிக்க வேண்டிய 60 நாள் தாண்டிவிட்டது. நியாயமற்ற பணிநீக்கம் என்று புகார் கொடுப்பதற்கும் 60 நாள்தான், அதுவும் போய்விட்டது. ஒருவர், ஒரே ஒருவர், முதல் வாரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொல்லியிருந்தால் போதும். உங்கள் ஞாயிற்றுக்கிழமை அதற்குத்தான் வேண்டியிருந்தது. வேலை கிடைக்கிறதோ இல்லையோ, அந்தத் தம்பி மண்டபத்துக்குள் வந்து தன்னைப் போல இன்னும் முப்பது பேர் இருப்பதைக் கண்ணால் பார்த்திருப்பார்.

நம் ஆட்கள் இதைவிடப் பெரிய இடியைப் பார்த்தவர்கள். தோட்டத் துண்டாடல் காலத்தில், வெள்ளைக்கார முதலாளிகள் விற்றுவிட்டுப் போன தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. அப்போது துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் முதன்முதலாக வாங்கிய தோட்டம் நம் கெடாவில் இருக்கும் புக்கிட் சிடிம். அதை வாங்கியவர்கள் கைநாட்டு வைத்தவர்கள். பிரச்சினையைத் தன் வீட்டுக்குள் மறைக்காமல் வெளியே கொண்டுவந்து ஒன்றாக உட்கார்ந்ததால்தான் அது நடந்தது. நாங்களும் உட்காரத் தயாராகத்தான் இருக்கிறோம். எங்களுக்கு ஒரு மண்டபமும் ஒரு நாளும் வேண்டும். இரண்டையும் கொடுத்துவிட்டுப் பறித்தீர்கள்.

மனிதவளப் பொறுப்பாளர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பொருத்தமான ஆள் கிடைக்கவில்லை என்று நீங்கள் சொல்வதை நான் அடிக்கடி படிக்கிறேன். கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறந்தது. இந்த ஊரிலிருந்து கூப்பிடு தூரம். பாலத்தைக் கடந்து நான் பினாங்குக்குப் போய்வர ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் ஆனது. 17 ஆண்டுகளில் என் வாழ்நாளில் எவ்வளவு அந்தச் சாலையில் போயிருக்கும் என்று கணக்குப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. இப்போது வேலைச் சட்டத்தில் 60P, 60Q என்ற பிரிவுகள் இருக்கின்றன. வேலை நேரம், நாள், இடம் ஆகியவற்றை மாற்றித் தரும்படி தொழிலாளர் எழுத்தில் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். என் பட்டியலில் உள்ள எவருக்கும் இப்படி ஓர் ஏற்பாடு இருப்பதை அவர்கள் நிறுவனம் சொன்னதில்லை. தொற்றுக்காலத்தில் இதே பாடாங் செராயில், இதே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் நான் ஐரோப்பாவின் ஆண்டுக் கணக்கை முடித்துக் கொடுத்தேன். ஒரு நாள் பிந்தவில்லை.

ஆகவே கேட்கிறேன்.

ஏற்பாட்டுக் குழுவினரே, ரத்து செய்த ஞாயிற்றுக்கிழமையை அடுத்த மூன்று மாதத்துக்குள் இதே மண்டபத்தில் நடத்துங்கள். பட்டர்வொர்த்துக்கோ அலோர் ஸ்டாருக்கோ மாற்றாதீர்கள். பதிவுப் படிவத்தில் வயது வரம்பையும் சம்பள வரம்பையும் எடுத்துவிடுங்கள். அறிவிப்பைத் தமிழிலும் போடுங்கள். கோயில் அறிவிப்புப் பலகைக்கும் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் அனுப்புங்கள். அன்று சொக்சோ அதிகாரிகளையும் தொழிலாளர் இலாகா அதிகாரிகளையும் அழைத்து, தமிழில் விளக்கக்கூடிய ஒருவரோடு ஒரு தனி முகப்பிடம் வையுங்கள். அந்த 60 நாள் கெடுவைப் பெரிய எழுத்தில் எழுதி வாசலில் மாட்டுங்கள். அட்டை வாங்கும் செலவை நான் தருகிறேன், எழுதியும் தருகிறேன். உங்கள் குழுவில் வேலை இழந்த அலுவலகப் பணியாளர்கள் இருவருக்கு இடம் கொடுங்கள்.

நிறுவனங்களே, அந்த நாளில் நிரப்ப வேண்டிய உண்மையான காலியிடங்களோடு வாருங்கள். சம்பளம் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை என்று தாளில் எழுதி ஒட்டுங்கள். விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் ஒரு மாதத்துக்குள் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது வீட்டிலிருந்து பார்க்கக்கூடிய பணிகள் எவை என்று குறிப்பிடுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் நீங்கள் பயிற்சிக்காகச் சம்பளத்தில் 1 விழுக்காடு லெவி கட்டுகிறீர்கள். ஒரு பிரிவை மூடப்போவது உங்களுக்கு மாதக்கணக்கில் முன்பே தெரியும். அந்த மாதங்களிலேயே அந்தப் பிரிவினருக்குப் பயிற்சி கொடுங்கள். 63 படிகளை எழுதத் தெரிந்தவருக்கு, அந்த மென்பொருள் எங்கே தவறு செய்கிறது என்று கண்காணிக்கும் வேலையைக் கற்றுக்கொள்ள ஆறு வாரம் போதும்.

அந்த 37 பெயர்களும் என் நோட்டுப்புத்தகத்தில் இருக்கின்றன. அவர்கள் ஒப்புக்கொண்டால் மட்டுமே உங்களிடம் தருவேன், இதுவரை 29 பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வரும் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு உங்கள் மண்டபத்து வாசலில் நோட்டுப்புத்தகத்தோடு நிற்பேன். குழுவிலிருந்து ஒருவரை அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
பாடாங் செராய்வாசி,
முன்னாள் கணக்குப் பிரிவுத் தலைவி